நறுக்குப்பலகை: எந்தப் பொருளில் வாங்குவது?

அரிவாள்மணை இருந்த சமையலறையில் நறுக்குப்பலகைக்கு வேலை இருந்ததில்லை. மணையில் உட்கார்ந்து, நிமிர்ந்து நிற்கும் அலகில் காயை வைத்து அழுத்தினால் துண்டு நேரே பாத்திரத்தில் விழும். அலகின் கூர் காயைத் தவிர வேறெதையும் தொடாது. நின்று சமைக்கும் மேடையும் கத்தியும் வந்த பிறகு கத்தியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு பரப்பில் மோதித்தான் நிற்கிறது. ஒரு பிடி பீன்ஸைப் பொடியாக நறுக்கி முடிப்பதற்குள் அந்த மோதல் நூறைத் தாண்டிவிடும். கத்தி எத்தனை நாள் கூராக இருக்கும் என்பதில் அதன் விலைக்கு உள்ள பங்கைவிட, அது தினமும் மோதும் பலகைக்கு உள்ள பங்கு பெரிது. விலை உயர்ந்த கத்தியை வாங்கி எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கும் வீடுகளில், கத்தி சரியில்லை என்ற புகார் அடிக்கடி எழுவது இதனால்தான்.

நல்ல பலகை கத்திக்கு விட்டுக்கொடுக்கும், கழுவினால் சுத்தமாகும், நறுக்கும்போது நகராது. முதல் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. கத்திக்கு இடம்கொடுக்கிற மென்மையான பரப்பில் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். கீறலே விழாத பரப்போ கத்தியைத் தின்றுவிடும். கடையில் விற்கும் எல்லாப் பலகைகளும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நிற்பவைதான். கீறல் விழாத பலகை என்று விளம்பரம் சொன்னால், கீறல் கத்தியின் மேல் விழப்போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணாடி, கல், எஃகு

இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். கத்தியின் கூர் என்பது தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய ஓர் எஃகு விளிம்பு. கடினமான பரப்பில் மோதும்போது அது தேய்வதற்கு முன்பே ஒரு பக்கமாக மடிந்துகொள்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கத்தி எஃகு ஏறக்குறைய 5.5 முதல் 6.5 வரை நிற்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் இடம் 7. சமையல் மேடையின் மேலேயே வைத்துத் தக்காளி நறுக்கும் பழக்கம் சில வாரங்களில் எந்தக் கத்தியையும் மழுங்கடிக்கும். பளிங்கு எஃகைவிட மென்மையானதுதான். ஆனாலும் அது கத்திக்கு அமிழ்ந்து இடம்கொடுப்பதில்லை. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்ட இடத்தில் அதன் பளபளப்பும் போய்விடும். சப்பாத்தி தேய்க்கப் பளிங்கு நன்று, நறுக்க ஆகாது. கண்ணாடிப் பலகைக்குப் பார்வைக்கு அழகு என்பதைத் தவிர வேறு தகுதியில்லை.

அண்மைக் காலமாகத் துருப்பிடிக்காத எஃகுப் பலகைகளும், டைட்டானியம் என்ற பெயரில் வரும் பலகைகளும் அதிகம் விற்கப்படுகின்றன. கிருமி தங்காது, கறை பிடிக்காது, ஆயுள் முழுக்க உழைக்கும் என்பவை அவற்றுக்காகச் சொல்லப்படும் வாதங்கள். எஃகைக் கழுவுவது எளிது என்பது உண்மை. ஆனால் உலோகத்தின் மேல் உலோகம் மோதுவதால் கூர் போகும். வழவழப்பான பரப்பில் வெங்காயமும் கத்தியும் வழுக்கும். விடியற்காலைச் சமையலில் அந்த மோதல் சத்தம் வீட்டையே எழுப்பிவிடும். மீனை மசாலா தடவி வைக்கவும் மாவு பிசையவும் இத்தகைய பலகை உதவும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மரம்

மரத்தில் கத்தி மோதும்போது நார்கள் சற்று அமிழ்ந்து கூரைத் தாங்கிக்கொள்கின்றன. எல்லா மரமும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. மரத்தின் கடினத்தன்மையை அளக்க ஜங்கா சோதனை என்ற முறை உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதியளவு மரத்துக்குள் புதைய எத்தனை பவுண்டு விசை தேவை என்று அது பார்க்கிறது. அமெரிக்கச் சமையலறைகளில் தரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கடின மேப்பிளுக்கு இந்த எண் 1,450. தேக்குக்கு அது சுமார் 1,070. ரப்பர் மரத்துக்குச் சுமார் 960. இதற்கு மிகவும் கீழே உள்ள பைன் போன்ற மென்மரங்களில் கத்தி ஆழமாக இறங்கிப் பள்ளம் பறிக்கும். மிக மேலே போனால் கல்லின் குறை மரத்துக்கும் வந்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பு, உணவகங்களில் பொதுவாக மரப்பரப்புகளைத் தடுத்துவிட்டு, நறுக்குப்பலகை போன்ற சிலவற்றுக்கு மட்டும் கடின மேப்பிளையோ அதற்கு இணையான நெருக்கமான நார் கொண்ட மரத்தையோ அனுமதிக்கிறது. கடினத்தைப் போலவே நெருக்கமும் முக்கியம் என்பது இதில் தெரிகிறது. நுண்துளைகள் பெரிதாக உள்ள மரம் சாற்றையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் மேப்பிளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்குள்ள கறிக்கடைக்காரர்கள் தலைமுறைகளாகப் புளியமரக் கட்டையைத்தான் நம்புகிறார்கள். வைரம் பாய்ந்த புளி, எலும்பை வெட்டும் கத்தியின் அடியைத் தாங்கும். எளிதில் சிம்பு பிரியாது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, நார்கள் மேல்நோக்கி நிற்கும்படி வைப்பதால் கத்தி நார்களை அறுக்காமல் அவற்றின் இடையே இறங்குகிறது. தாய்லாந்துச் சமையலறைகளின் வட்டக்கட்டையும் இதே மரம், இதே அமைப்பு. வீட்டுக்கு அவ்வளவு கனம் தேவைப்படாது. கறியும் எலும்பும் கடையிலேயே துண்டுபோட்டு வருகின்றன, மீனைச் சந்தையிலேயே சுத்தம் செய்து தருகிறார்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைவான தடிமனில் புளியம்பலகை கிடைத்தால், வைரப்பகுதியில் எடுத்ததாக இருந்தால், வாங்கலாம். பச்சை மரத்தில் அறுத்த பலகை சில மாதங்களிலேயே நட்சத்திரம் போல நடுவிலிருந்து வெடிக்கும் என்பதால் நன்றாக உலர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரைத் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு. கோணலும் அதிகம் ஆகாது. குறை, அதில் கலந்துள்ள சிலிக்கா. மணல் போன்ற அந்தத் துகள் கூரைச் சற்றே விரைவாகத் தேய்க்கிறது. ஈரத்தோடு போராடும் கடற்கரை ஊர்களில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு தேக்கையே எடுப்பது அறிவுடைமை. வட இந்தியாவிலிருந்து வரும் சீஷம் பலகைகள் உறுதியானவை, பார்க்கவும் அழகானவை. வேப்பமரப் பலகைகளைக் கிருமிநாசினி என்று சொல்லி விற்கிறார்கள். மரம் நல்லதுதான், விலையும் பெரும்பாலும் நியாயமாக இருக்கும். ஆனால் வேம்பு என்பதற்காக யாரும் சோப்பை மிச்சப்படுத்தக் கூடாது. மா மரமும் ரப்பர் மரமும் மலிவு. இரண்டும் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைக்கும். ரப்பர் மரத்துக்குப் பெரும்பாலும் போரான் கலவையில் பதம் போடுகிறார்கள். எனவே நாற்காலி, மேசைக்கென அறுத்த துண்டை வாங்காமல் சமையலறைப் பயன்பாட்டுக்கென்றே விற்கப்படுவதை எடுக்க வேண்டும்.

பழைய கதவையோ நிலையையோ அறுத்துத் தச்சரிடம் பலகை செய்துகொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மரம் முதிர்ந்தது, நன்கு உலர்ந்தது, அதற்கு ஈடு இல்லை என்பார்கள். மரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. மேலே பூசியிருந்த பெயின்ட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்ப்பது போதாது. அந்தத் தூசியே ஆபத்து. பெயின்ட் கண்ட மரத்தைச் சாப்பாட்டுக்குக் கீழே வைக்காமல் இருப்பதே மேல். பிளைவுட், எம்டிஎஃப், சன்மைக்கா ஒட்டிய துண்டுகள் ஆகியவையும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நறுக்குப்பலகை ஆகா. முதல் கீறலோடு பசையும் மரத்தூளும் வெளிவரத் தொடங்கும், தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும்.

மரத்தைப் போலவே அதைப் பலகையாக்கிய விதத்தையும் பார்க்க வேண்டும். நார் நீளவாக்கில் ஓடும் ஒரே துண்டுப் பலகை எளிமையானது, விலை குறைவு. அகலமாக இருந்தால் வளையக்கூடும். குறுகிய சட்டங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிய பலகை அதைவிட நிலையானது. கறிக்கட்டையைப் போல நார் முனைகள் மேலே தெரியும்படி சதுரம் சதுரமாக ஒட்டியது கத்திக்கு மிக இதமானது. கீறலும் ஓரளவு தானாகவே மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கனமும் விலையும் கூடும், தண்ணீரையும் அது வேகமாக உறிஞ்சும். தினமும் இரண்டு வேளை காய் நறுக்கும் சாதாரண வீட்டுக்கு நடுவில் சொன்ன ஒட்டுப்பலகையே பொருத்தம்.

மூங்கில்

மூங்கில் மரமன்று, புல். அதைக் கீற்றுகளாகப் பிளந்து பசையிட்டு அழுத்தித்தான் பலகையாக்க முடியும். அதனால் மூங்கில் பலகையின் தரம் பாதி மூங்கிலில், பாதி பசையில். விலை குறைவு, எடை குறைவு, தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சும், சீக்கிரம் வளரும் பயிர் என்பதால் காட்டுக்கும் கேடில்லை. இருந்தும் இதை முதல் தேர்வாகச் சொல்ல முடியாது. மூங்கிலிலும் சிலிக்கா உண்டு. கீற்றுகளுக்கிடையே உள்ள பசைக்கோடு கத்திக்கு இன்னும் கடினம். மலிவான பலகைகள் ஓரிரு மழைக்காலத்துக்குள் ஒட்டு விட்டுப் பிளக்கின்றன. அந்தப் பிளவில் தேங்கும் கறுப்பு பிறகு போவதில்லை. வாங்குவதானால் ஃபார்மால்டிஹைடு இல்லாத பசை என்று குறிப்பிட்டிருப்பதை வாங்கி, பழமும் ரொட்டியும் நறுக்க வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக்

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் பலகையின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும், பாலிப்ரொப்பிலீனுக்கு 5. முதலாவது சற்று மென்மை, கத்திக்கு நல்லது. இரண்டாவது கடினம், கத்தி வழுக்கும். எண்ணே இல்லாத, மடக்கிச் சுருட்டக்கூடிய மெல்லிய தகடுகள் நறுக்குவதற்கல்ல, நறுக்கியதை அள்ளி வாணலியில் போடுவதற்குத்தான் லாயக்கு.

நறுக்கும்போது பிளாஸ்டிக் துகள் உணவில் சேருவது உண்மை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேரட் நறுக்கிப் பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, பாலிஎத்திலீன் பலகையைப் பயன்படுத்தும் ஒருவருக்கு ஆண்டுக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரையும், பாலிப்ரொப்பிலீன் பலகையில் சுமார் 49.5 கிராமும் நுண்பிளாஸ்டிக் வந்து சேரக்கூடும் என்று கணக்கிட்டது. நறுக்கும் முறை, அழுத்தம், நறுக்குவது எது என்பவற்றைப் பொறுத்து இந்த எண் பெரிதும் மாறும். எலியின் செல்களில் நடத்திய முதற்கட்டச் சோதனையில் அந்தத் துகள்கள் செல்களைக் கொல்லவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. மரப்பலகையிலிருந்து இன்னும் அதிகத் துகள் உதிர்வதையும் அது கண்டது. ஆனால் அவை மரத்துகள்கள். தினமும் கிலோக்கணக்கில் காய் நறுக்கும் வீட்டில் அந்த வேலையை மரத்துக்குக் கொடுப்பதற்கு இது போதுமான காரணம். பிளாஸ்டிக்கை வீட்டைவிட்டே துரத்துவதற்கு இது போதாது. ஏனென்றால் பச்சை இறைச்சி விஷயத்தில் பிளாஸ்டிக்குக்கு ஒரு வசதி இருக்கிறது: கொதிநீர், ப்ளீச், பாத்திரம் கழுவும் எந்திரம் எதற்கும் அது அஞ்சாது, தேய்ந்தால் தயக்கமின்றித் தூக்கிப்போடலாம்.

ஜப்பானியச் சமையல்காரர்கள் விரும்பும் ரப்பர் பலகை கத்திக்கு மிகவும் இதமானது, ஆனால் இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

கிருமியும் பலகையும்

மரம் கிருமியை வளர்க்கும், பிளாஸ்டிக் வளர்க்காது என்ற எண்ணம் நெடுநாள் கேள்வியின்றி இருந்தது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். மரப்பலகையைப் பிளாஸ்டிக் அளவுக்காவது பாதுகாப்பானதாக மாற்ற வழி தேடித்தான் அவர்கள் தொடங்கினார்கள். 1994இல் வெளியான முடிவுகள் வேறுவிதமாக இருந்தன. சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை ஆகியவற்றை மரத்தில் தடவியபோது அவை மேற்பரப்பிலிருந்து விரைவில் உள்ளே இறங்கின. அங்கே பெருகாமல் படிப்படியாக மடிந்தன. பலகையைப் பிளந்தோ குடைந்தோதான் அவற்றை மீண்டும் எடுக்க முடிந்தது. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தமாக்குவது எளிதாக இருந்தது. கத்திக்கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கையோ, கோழிக்கொழுப்பு படிந்திருந்தால், கையால் தேய்த்துச் சுத்தமாக்கவே முடியவில்லை.

மரத்தைக் கழுவ வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பழைய பிளாஸ்டிக்தான் இருப்பவற்றில் மோசமானது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. தமிழ்ச் சமையலில் பெரும்பாலான காய்கள் வெந்துவிடுவதால் அவற்றால் வரும் ஆபத்து சிறிது. வேகாமல் இலைக்குப் போகும் பொருள்களில்தான் கவனம் வேண்டும்: தயிர்ப் பச்சடிக்கான வெங்காயமும் வெள்ளரியும், கடைசியில் தூவும் கொத்தமல்லித் தழை, எலுமிச்சை, பழம். கோழியைத் துண்டுபோட்ட பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு அதிலேயே கொத்தமல்லியை நறுக்கி ரசத்தில் தூவுவதுதான் நோய் வரும் வழி. பலகை எந்தப் பொருளானாலும் இந்த வழியை அது அடைக்காது. தனிப்பலகை அடைக்கும்.

எந்த வீட்டுக்கு எது

அசைவம் சமைக்கும் வீட்டுக்கு இரண்டு பலகை வேண்டும். காய்கறிக்கும் பழத்துக்கும் தேக்கிலோ சீஷத்திலோ வேம்பிலோ செய்த ஒட்டுப்பலகை ஒன்று. கறிக்கும் மீனுக்கும் நிறம் வேறான பாலிஎத்திலீன் பலகை ஒன்று. உணவகங்களில் இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்க்குப் பச்சை என்று நீளும் நிறப்பட்டியல் வீட்டுக்கு மிகை. யார் சமையலறைக்கு வந்தாலும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தால் போதும். மரக்கறி மட்டும் சமைக்கும் வீட்டில் ஒரே மரப்பலகை போதும். ஆனால் அதன் ஒரு முகத்தை வெங்காயம், பூண்டுக்கும் மறுமுகத்தைப் பழத்துக்கும் ஒதுக்கி, ஓரத்தில் சிறு அடையாளம் செதுக்கிவிட வேண்டும். பூண்டு வாசம் ஏறிய மாம்பழத்தை ஒருமுறை சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடுதி அறையிலோ சிறு வாடகை வீட்டிலோ தனியே சமைப்பவருக்கு நடுத்தரத் தடிமனுள்ள பிளாஸ்டிக் பலகை ஒன்றே தாராளம்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கையகலப் பலகையில் கீரைக்கட்டு பாதி மேடையில் சிந்தும். 40க்கு 30 சென்டிமீட்டர் வசதியான அளவு. இடம் குறைவென்றால் 35க்கு 25. 2.5 சென்டிமீட்டர் தடிமனில் அந்தப் பெரிய அளவுத் தேக்குப் பலகை ஏறக்குறைய 2 கிலோ இருக்கும், 1 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். வாங்கும் முன் வீட்டுத் தொட்டியை அளந்துகொள்ள வேண்டும். தொட்டிக்குள் சாய்வாகவாவது நுழையாத பலகை ஒருநாளும் ஒழுங்காகக் கழுவப்படுவதில்லை. ஓரத்தில் சாறு தேங்கும் பள்ளம் மாம்பழத்துக்கும் மீனுக்கும் உதவும். வெறும் காய்க்கு அது இடத்தைத்தான் விழுங்கும். வழுக்காமலிருக்கக் காலில் ரப்பர் வைத்ததைவிட, இருபுறமும் பயன்படுத்தக்கூடிய தட்டையான பலகையை ஈரத்துணியின் மேல் வைப்பது சிறந்தது. தேங்காயை உடைக்கவும் கெட்டியான பத்தையைக் குத்தி எடுக்கவும் எந்தப் பலகையையும் பயன்படுத்தக் கூடாது. பலகை பிளக்காவிட்டால் கை கிழியும்.

பழக்குதலும் பேணுதலும்

புதிய மரப்பலகைக்கு முதல் வேலை எண்ணெய். வீட்டில் இருப்பதுதானே என்று நல்லெண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ தடவினால் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காறாது, ஆனாலும் காறும். கெடாதது கனிம எண்ணெய்தான். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேட்டால் மருந்துத் தரத்தில் சிறு புட்டி கிடைக்கும். இரு முகங்களிலும் ஓரங்களிலும் தாராளமாகத் தடவி, ஓர் இரவு விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று முறை, பிறகு பலகை வெளிறித் தெரியும்போதெல்லாம். ஒரு துளி நீர் முத்தாக நிற்காமல் உடனே உள்ளிறங்கினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். எண்ணெயோடு சிறிது தேன்மெழுகை உருக்கிக் கலந்தால் அது மேலும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

கழுவும்போது சாமான் சோப்பும் வெந்நீரும் போதும். ஆனால் இரண்டு முகத்தையும் நனைக்க வேண்டும். மரம் நாரின் குறுக்கேதான் விரியும். ஒரு முகம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து பலகை தட்டுப்போல வளைந்துவிடும். தொட்டியில் ஊறவிடுவதும் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடுவதும் மரத்துக்குக் கொலை. கழுவியதும் துடைத்து, காற்றுப் படும்படி ஓரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். மேடையில் படுக்கப்போட்டால், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழையில், அடியில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்தால் வெடிக்கும்.

வாழைக்காயும் வாழைப்பூவும் மரத்தில் விடும் கறுப்புக் கறை அழுக்கன்று. காயின் துவர்ப்புச் சத்து காற்றிலும் கத்தியின் இரும்பிலும் பட்டுக் கறுப்பது. எலுமிச்சை மூடியால் கல் உப்பைத் தேய்த்தால் பெரும்பகுதி போகும், வெங்காய வாடையும் அதோடு போகும். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் கறைக்கு எந்தப் பொடியும் வேண்டாம். மஞ்சளின் நிறமி வெளிச்சத்தில் சிதைவது; ஓரிரு பகல் வெயிலில் வைத்தால் தானே வெளுக்கும்.

கறிப்பலகையை ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவிய பின் கிருமிநீக்கமும் செய்துவிடலாம். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு, ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மணமில்லாத ப்ளீச். சில நிமிடம் விட்டு, அலசி, காயவிட வேண்டும். ப்ளீச்சோடு வினிகரையோ கழிவறை சுத்தப்படுத்தும் திரவத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும்.

மரப்பலகையில் கீறல்கள் நிறைந்தால் தச்சரிடம் கொடுத்து மேல்தோலை இழைத்து வாங்கலாம், அல்லது சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி மெல்லியதில் முடித்து மீண்டும் எண்ணெய் ஏற்றலாம். வெடிப்பு ஊடுருவிவிட்டாலோ, ஒட்டு விட்டாலோ, தேய்த்தும் போகாத கறுப்பு உள்ளே இறங்கிவிட்டாலோ அது சமையலறையை விட்டுப் போக வேண்டியதுதான். பிளாஸ்டிக்குக்கு இழைப்பு கிடையாது. விரல் நகத்தை மேலே ஓட்டும்போது கீறலில் சிக்கினால் புதியதை வாங்கிவிட வேண்டும்.